நெஞ்சொடு மட்டும் கிளத்தலாமோ?

விளாங்குடியிலிருந்து நாடோறும் எம்முடன் பேருந்தில் வரும் நண்பரொருவர் சென்ற பருவத்தில் இரண்டு திங்கள் வகுப்பிற்கு வந்திலர். வினவியோர்க்கெல்லாம் 'காய்ச்சல்' என்றே விடை கிடைத்தது. உண்மையில் அவரை வாட்டியவை உறக்கமின்மையும், தாம் எதற்கும் உதவாதவர் என்னும் ஓயாத எண்ணமுமே. உடல் நோயின் பெயரைக் கூற நாணாத நாம், உளநோயின் பெயரைக் கூற நாணுவது ஏன்?

தமிழ் மாணாக்கராகிய எமக்கு ஈண்டு வள்ளுவர் நினைவிற்கு வருகின்றார். காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றோர் அதிகாரமே வகுத்துள்ளார். பிரிவாற்றாத தலைவி தன் நெஞ்சையே விளித்துப் பேசுகின்றாள். நெஞ்சோ அவளுக்கு ஆறுதல் தரவில்லை. கேட்பாரற்ற உள்ளத்தின் துயரை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

அத்தகைய உள்ளத்திற்குச் செவி கொடுப்பதே உளச்சிகிச்சை. அமெரிக்க அறிஞர் கார்ல் ராஜர்ஸ் (1902–1987) இறையியல் பயின்று, பின் உளவியலுக்குத் திரும்பியவர். அறிவுரை பொழிவதினும், வந்தவரைக் குற்றங்காணாது ஏற்றுக் கேட்டலே சிறந்தது. அங்ஙனம் கேட்கப்பட்டவர் தம் வழியைத் தாமே காண்பர் என்பது அவர் கொள்கை.

'இஃது உலகத்திற்குத் தலைவணங்கப் பழக்கும் வித்தையன்றோ?' என்பார் சிலர். அன்று, அடங்கிக் கிடத்தல் வேறு, இணங்கி வாழ்தல் வேறு. பிறர் விரும்பிய பாடத்தைக் கண்ணீருடன் பயில்வது அடக்கம். தமக்குரியது யாதெனத் தெளிந்து, அதனைப் பெற்றோரிடம் பணிவுடன் உரைப்பது இணக்கம். 'ஜெபம் போதாதோ?' என்பார்க்கு ஒன்று கூறுவோம்: ஜெபிப்பவரும் காய்ச்சலுக்கு மருந்துண்கின்றனரன்றோ?

உளநோயை நாணி மறைக்கும் வழக்கத்தின் கொடுமுடிவை நம் தமிழகமே கண்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கொட்டகையொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி, மனநோயாளர் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அச்சங்கிலியை விலக்கிற்று. நாணமென்னும் சங்கிலியை நாமே அறுத்தல் வேண்டும்.

எம் நண்பர் ஆலோசகரொருவரை நாடினார். இன்று மீண்டும் எம் அருகில் அமர்ந்து வருகின்றார். 2022 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் இலவச ஆலோசனையும் தமிழிலேயே கிடைக்கின்றது. நூல்நிலையத்திற்குச் செல்வதுபோல் அச்சமின்றிச் செல்லத்தக்க ஆலோசனை அறையொன்று ஒவ்வொரு கல்லூரிக்கும் வேண்டும். மாணாக்க அன்பர்காள்! அருகிருப்பவர் 'காய்ச்சல்' என்று கூறுங்கால், சற்று அமர்ந்து கேண்மின்.