கங்கை என்று சொன்னது யார்?

மொழிபெயர்ப்பாளனாக நான் செய்த முதல் வேலைக்குச் சம்பளம் கிடையாது. 2002ஆம் ஆண்டு. தில்லியில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்த என் சித்தப்பா ஒரு நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனவர் திரும்பி வரவில்லை. காவல் நிலையம், மருத்துவமனைகள், ரயில் நிலையங்கள் என்று அலைந்து ஓய்ந்த பிறகு, ஐந்தாவது மாதம், மாடி வீட்டு அம்மாள் ஒருவர் மேற்கு தில்லியில் இருந்த ஒரு 'மாதாஜி'யைப் பற்றிச் சித்தியிடம் சொன்னார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நடந்தது, நடக்கப்போவது எல்லாவற்றையும் சொல்லிவிடுவாராம். சித்திக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் இந்தி வரும். அதனால் நானும் கூடப் போனேன்.

மாதாஜிக்கு ஐம்பது வயதிருக்கும். கனிவான முகம். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் இஷ்டப்பட்டதை வைக்கலாம். சித்தி 501 ரூபாய் வைத்தார். நான் தொழில் பழக்கத்தில் குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதில் உள்ளபடி மாதாஜியின் முதல் வாக்கியம் இது: "தண்ணீர் மாதிரி ஏதோ தெரிகிறது." நான் தமிழில் சொன்னேன். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரு ஹரித்வார் போகணும் போகணும்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார். அதை நான் இந்தியில் சொன்னேன். மாதாஜி கண்களை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கங்கா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் தேவைப்படவில்லை. சித்தி உடைந்து அழுதார்.

திரும்பும்போது ஆட்டோவிலேயே கதை மாறிவிட்டது. "எடுத்த எடுப்புல கங்கைன்னு சொல்லிட்டாங்க" என்று மாடி வீட்டு அம்மாளிடம் சித்தி சொல்லிக்கொண்டு வந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. ஐந்து மாதங்களில் முதல் முறையாக அன்று ராத்திரி அவர் வயிறாரச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் பேச வாய் வரும்?

இந்தக் கலைக்கு 'கோல்ட் ரீடிங்' என்று பெயர் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. எதிரே இருப்பவரைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரியாமலே, எல்லாம் தெரிந்தவர் போலப் பேசும் கலை. முன்கூட்டி விசாரித்து வைத்துக்கொண்டு பேசினால் அது 'ஹாட் ரீடிங்'. இரண்டாவது வகையினர் சில சமயம் அகப்பட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்ற மதபோதகர், கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்களுடைய நோயையும் வீட்டு முகவரியையும் சொல்லி அசத்திக்கொண்டிருந்தார். 1986இல் மந்திரவாதக் கலைஞர் ஜேம்ஸ் ரேண்டியின் குழு ஒரு ரேடியோ கருவியைக் கொண்டுபோய் ஒட்டுக்கேட்டது. போப்பாஃபின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தது ஆண்டவன் இல்லை, அவருடைய மனைவி. மக்கள் எழுதிக் கொடுத்த பிரார்த்தனைச் சீட்டுகளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.

கோல்ட் ரீடிங்கில் அப்படிக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு கருவியும் இல்லை. அதற்கு வேண்டியதெல்லாம் எதிரே ஒரு ஆள், அவருக்கு ஒரு கவலை. இரண்டும் தானாகவே நடந்து வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கின்றன.

அன்று நானும் தப்பவில்லை. நடுவில் மாதாஜி என் பக்கம் திரும்பி, "நீ நிறைய எழுதுகிறாய். ஆனால் எழுத நினைத்ததை இன்னும் எழுதவில்லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகலைப் பட்டம் பெற்றவன், பகுத்தறிவாளன் என்று நண்பர்களிடம் பெயர் வாங்கியவன், அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் இருபத்து நாலு வயதுப் பையனிடம் வேறு என்ன சொல்வார்கள்? எந்தப் பத்திரிகையாளனுக்கு இது பொருந்தாது? இதெல்லாம் பிறகுதான் உறைத்தது.

இப்படி உறைக்காமல் போவது ஏன் என்பதை அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் சோதித்துப் பார்த்தார். தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலன் பற்றிய குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அதன் பிறகுதான் விஷயத்தை உடைத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதிலும் பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. "நீங்கள் பிறருக்காக நிறையச் செய்கிறீர்கள், ஆனால் அதற்கு நன்றி கிடைப்பதில்லை" என்று நம்மூர் ஜோதிடர் சொல்லும்போது, "எனக்கு நன்றி ஏகப்பட்டது கிடைக்கிறதே" என்று மறுத்த ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா?

பொதுவாக எதையாவது சொல்லி ஆளை வசப்படுத்துவது முதல் படி. தூண்டில் போடுவது அடுத்தது. குறிப்பேட்டில் மாதாஜி சொன்னவை என்று நான் எழுதி வைத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் உண்மையில் கேள்விகள். அதில் ஒன்று: "கோயி படா பாய் தோ நஹீ ஹை நா?" தமிழில் சொன்னால், "அவருக்கு அண்ணன் யாரும் இல்லையே?" இந்த 'இல்லையே'யில் இருக்கிறது சூட்சுமம். இல்லை என்றால், "அதுதான் சொன்னேன்." இருக்கிறார் என்றால், "ஆமாம், தெரிகிறது, அதனால்தான் கேட்டேன்." கடைசியில் வரும் அந்த ஏகாரம் கேள்வியா, உறுதியா, சந்தேகமா என்று இலக்கண ஆசிரியர்கள் வாதாடட்டும். குறி சொல்பவருக்கு அது இரண்டு பக்கமும் திறக்கும் கதவு.

மூன்றாவது வேலையைக் குறி கேட்பவரே செய்து கொடுத்துவிடுகிறார். பலிக்காததை மறப்பதும், பலித்ததைத் திருத்தி நினைவில் வைத்துக்கொள்வதும். கங்கை அப்படித்தான் மாதாஜியின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

இவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோல்ட் ரீடிங் பற்றி 1977இல் விரிவான கட்டுரை எழுதிய உளவியலாளர் ரே ஹைமன், பதின் வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். ரேகை பேசுகிறது என்று அவரே நம்பினார். ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடைக் கலைஞர் அவரிடம், வேண்டுமென்றே ரேகை சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார் என்றார். சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் எப்போதும் போலவே வியந்துவிட்டுப் போனார்கள். ஹைமனுக்கு அன்று நம்பிக்கை போயிற்று, பிறகு உளவியல் பேராசிரியரானார். நேர் எதிராகச் சொல்லிப் பார்க்கும்படி மாதாஜியிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திருக்கக்கூடாது. குறுந்தொகையின் 23ஆம் பாட்டு ஔவையாருடையது. மகள் காதலால் மெலிந்து போகிறாள். காரணம் தெரியாத தாய் குறி கேட்க அகவன் மகளைக் கூப்பிடுகிறாள். குறிக்காரி மலைகளைப் பாடுகிறாள். அவனுடைய மலை வந்ததும் தோழி குறுக்கிட்டு, அந்தப் பாட்டையே இன்னொரு முறை பாடச் சொல்கிறாள். அவ்வளவுதான், கூடியிருந்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. இதை அறத்தொடு நிற்றல் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பதில் குறிக்காரியிடமிருந்து வரவில்லை, கேட்ட பக்கத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டேன். மாதாஜியின் அறையில் தண்ணீர் என்றதும் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்ததும், அந்தத் தோழி 'இன்னொரு முறை' என்றதும் ஒன்றுதான்.

கேட்பவரே எதிரில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகரும் நரேந்திர தபோல்கர் உள்ளிட்ட அவருடைய தோழர்களும் புனேயில் 2008இல் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் 100 பேர், மனவளர்ச்சி குன்றியவர்கள் 100 பேர் ஆகியோரின் பிறப்பு விவரங்களிலிருந்து ஜாதகங்கள் கணித்து, கலந்து, ஆளுக்கு 40 வீதம் ஜோதிடர்களுக்கு அனுப்பினார்கள். எது எந்த வகை என்று சொல்ல வேண்டும். 27 ஜோதிடர்கள் பதில் அனுப்பினார்கள். சரியாக இருந்தவை சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். காகிதத்துக்கு முகம் இல்லை, அது நிமிர்ந்து உட்காராது, ஹரித்வார் என்று சொல்லாது. இத்தகைய கேள்விகளையே வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

போகட்டும், துக்கத்தில் இருப்பவருக்கு ஓர் ஆறுதல், அதைக் கெடுப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மாதாஜி கடைசியாக ஒன்று சொன்னார்: "இப்போதைக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. போட்டால் வருகிறவர் வழி மறித்தது மாதிரி ஆகும்." அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை கூடக் குறையாமல்.

அரசு ஊழியர் காணாமல் போனால், காவல் நிலையத்தில் புகார் பதிந்து ஓராண்டு ஆன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அன்றைய விதி. அதற்குச் சில காகிதங்களில் கையெழுத்து வேண்டும். சித்தப்பாவின் அலுவலக நண்பர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்கள். சித்தி போடவில்லை. அரசுக் குடியிருப்பைக் காலி செய்து ஒற்றை அறைக்கு மாறினார். அவர் மகள், என் தங்கை, பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனாள். 2007இல்தான் சித்தி கையெழுத்துப் போட்டார். நிலுவைத் தொகை பிற்பாடு வந்து சேர்ந்தது. தங்கை தபால் வழியில் பட்டம் வாங்கினாள். சித்தப்பா வரவில்லை.

இன்று மாதாஜிகள் செல்பேசியில் வருகிறார்கள். முன்பதிவுக்குப் பெயரையும் எண்ணையும் கொடுக்கிறோம். அந்தப் பெயரை வைத்து நம் கல்யாண நாள், குழந்தையின் பள்ளிக்கூடம், போன மாதம் யார் இறந்தார் என்பதையெல்லாம் நாமே சமூக வலைத்தளங்களில் போட்டு வைத்திருப்பதிலிருந்து எடுத்துவிடலாம். போப்பாஃபின் மனைவிக்கு இனி வேலையில்லை. ஆனால் அடிப்படை மாறவில்லை. விவரம் நம்மிடமிருந்துதான் போகிறது.

போகாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்கப்போவதில்லை. போகிறவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். சொல்வதை ஒன்று விடாமல் எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்துப் படியுங்கள். மருந்து, பணம், கையெழுத்து இவற்றைப் பற்றி ஏதாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

போன வருடம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய பேச்சு வந்தது. குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் எடுத்துப் போய் முதல் பக்கத்திலிருந்து, யார் எதைச் சொன்னார்கள் என்று, வரிசையாகப் படித்துக் காட்டினேன். ஹரித்வார் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அப்போ முதல்ல சொன்னது நானா?"

"ஆமா சித்தி."

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், கோபம் இல்லாமல்தான், கேட்டார்: "உனக்கு அன்னிக்கே தெரியுமில்ல? ஏண்டா சொல்லல?"

இருபது வருடங்களாக இரண்டு மொழிகளுக்கு நடுவே பேசிப் பிழைக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.