கடற்படையிலிருந்து கணினிக்கு



ராணுவத்தில் சேர்ந்தால் படிப்பு நின்றுபோகும் என்று நம்மவர்கள் அஞ்சுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை முற்றிலும் சரி. ஆனால் அதில் ஆரோக்கியசாமி பால்ராஜ் விடுபட்டது பெருங்குறை.

பொள்ளாச்சியில் பிறந்து, 15 வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போனவர் அவர். கடற்படையே அவரை தில்லி ஐஐடிக்குப் படிக்க அனுப்பியது. 1973-இல் முனைவர் பட்டம். 1971 போரில் இந்தியப் போர்க்கப்பலான ‘குக்ரி’ பாகிஸ்தான் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட பிறகு, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்தின் முதல் இயக்குநரும் அவரே. (இன்று எல்லோரும் பேசும் ஏஐதான்!) ஓய்வுக்குப் பின் ஸ்டான்ஃபோர்டில் அவர் முன்வைத்த, பல ஆன்டெனாக்களைக் கொண்டு தரவு அனுப்பும் ‘மைமோ’ நுட்பம் இல்லாமல் இன்றைய வைஃபையோ 4ஜியோ இல்லை. 2014-இல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

எங்கள் குடியிருப்பில் கணக்கில் கெட்டிக்காரனான ஒரு பையன் கடற்படைக்குப் போக ஆசைப்பட்டான். “கம்ப்யூட்டர் படிப்பு என்னாகும்?” என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ முடித்தவர்களைக் கேரளத்தின் எழிமலையிலுள்ள கடற்படை அகாடமியில் அரசு செலவிலேயே பி.டெக் படிக்கவைக்கும் திட்டம் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியிலும் மற்ற தில்லித் தமிழ்ப் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பிலேயே, பெற்றோரையும் அழைத்து, இந்தத் திட்டத்தை விளக்க வேண்டும். தங்கள் இதழும் விண்ணப்ப விவரங்களை ஆண்டுதோறும் வெளியிடக் கோருகிறேன்.

— ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி