கருப்பாயியும் மெலனியும்

பெயருக்கு அர்த்தம் கேட்கிற வியாதி ஒன்று நம் படித்தவர்களைப் பிடித்து ஆட்டுகிறது. அர்த்தம் தெரிந்துகொண்டு கேட்டாலாவது பரவாயில்லை.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பேத்திக்குச் சலேத் மேரி என்று பெயர் வைத்தாள் பாட்டி. பட்டணத்திலிருந்து வந்த சித்தப்பா முகத்தைச் சுளித்தார். "சலேத்தாவது! அர்த்தமே கிடையாது. மெலனின்னு வையுங்க அண்ணே. பிரெஞ்சுப் பேரு, நாகரிகமா இருக்கும்" என்றார். குழந்தையின் தகப்பனாரும் தலையாட்டிவிட்டார். பாட்டி வாயடைத்துப் போனாள். அவளுக்காக நான் நாலு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

மெலனி பிரெஞ்சுக்காரர் வைத்துக்கொள்ளும் பெயர்தான். ஆனால் பிறந்த வீடு கிரேக்கம். அந்தப் பாஷையில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு. மெலனி என்றால் கறுப்பி. அதாவது, நம்முடைய சாட்சாத் கருப்பாயி! ரோமாபுரியில் மெலானியா என்று பாட்டியும் பேத்தியுமாக இரண்டு புண்ணியவதிகள் இருந்தார்கள். பேத்தி 439-இல் ஜெருசலேமில் காலமானாள். 1936-இல் வந்த 'கான் வித் த விண்ட்' நாவலில் ஒரு சாதுவான பெண்ணுக்கு இந்தப் பெயர். அப்புறம் கேட்க வேண்டுமா! (என் கதாநாயகிகளின் பெயரை யாரும் தம் குழந்தைக்கு வைத்ததாக இதுவரை தகவல் இல்லை.) கருப்பாயி என்று கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள், அதையே கிரேக்கத்தில் சொன்னால் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள்.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. லா சலேத் என்பது பிரான்சில் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு கிராமம். 1846 செப்டம்பர் 19-ஆம் தேதி, அங்கே மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், அழுதுகொண்டிருந்த மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். பையன் மாக்சிமின். அந்தப் பெண்ணின் பெயர் என்ன தெரியுமோ? மெலனி! கூலிக்கு மாடு மேய்த்த ஏழைப் பெண். சித்தப்பாவின் நாகரிகம் அங்கேதான் போய் நிற்கிறது.

லூயி சேன் சீர் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1860-களில் கொடைக்கானலில் அந்த மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஆகஸ்டுத் திருவிழாவுக்கு மலையே திரண்டு வருகிறது. கும்பிட்ட ஊரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பது இந்த மலைக்குப் புதிதா? மலையடிவாரத்தில் பழனி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிதம்பரமும் காசியும் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் எவரிடமாவது அகராதியைத் தூக்கிக்கொண்டு போய் அர்த்தம் கேட்டோமா?

லூர்தும் பிரான்சிலுள்ள ஓர் ஊர்தான். வழியில் ஒரு லூர்துசாமியைப் பிடித்து அர்த்தம் கேட்டுப் பாருங்கள். "எங்க அம்மா நேர்ந்துக்கிட்டு வச்ச பேருங்க" என்பார்.