தொட்டியின் நடுவே ஒரு தடுப்பு



சிவகிரியிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவன் தன் சேமிப்பிலிருந்து ஒரு 'பைட்டர்' மீன் வாங்கி வந்து, வீட்டிலிருந்த இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் விட்டான். ஒரு மாதம் கழித்து இளையவனும் அதே வகை மீன் ஒன்று வாங்கினான். இரண்டும் ஆண் மீன்கள். சேர்த்து விடலாகாது என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். ஆகவே இளையவனின் மீன் இன்று ஊறுகாய்ப் புட்டி ஒன்றில் இருக்கிறது. "அவன் மீனுக்குத் தொட்டி, என் மீனுக்குப் புட்டியா?" என்பது இளையவனின் வழக்கு. "முதலில் வந்தது என் மீன்" என்பது மூத்தவனின் வாதம். இரண்டு வாரமாக அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். தொட்டியை நடுவே தடுத்து இரண்டையும் வைக்கலாமா, அப்படிச் சிறைப்படுத்துவது பாவமாகாதா என்று அத்தாயார் வினவுகிறார்.

தடுக்கலாம். ஆனால் அந்த மீனின் இயல்பை அறிந்து தடுக்கவேண்டும்.

இம்மீனின் தாயகம் சயாம் நாடு, அதாவது இன்றைய தாய்லாந்து. அறிவியலார் இதற்கு இட்ட பெயர் பெட்டா ஸ்பிளெண்டென்ஸ். அந்நாட்டார் பல நூற்றாண்டுகளாக இதைச் சண்டைக்கென்றே வளர்த்துப் பந்தயம் கட்டி வந்தனர். 2019-ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இயற்கையில் இது வாழுமிடம் நெல்வயலும் சதுப்பு நிலமும். குளத்துப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் சிவகிரி மக்களுக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. வயல்நீர் ஆழமற்றது, ஆனால் பரந்தது. அங்கே தோற்ற மீன் நாற்றுகளுக்கிடையே ஓடி ஒளிந்துகொள்ளும். சண்டை அத்தோடு முடியும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓட வழியில்லாததால்தான் துடுப்புகள் கிழிந்து ஒன்று மடிகிறது.

சண்டைக்காரன் என்று பெயரெடுத்த இந்த ஆண் மீன் பொறுப்புள்ள தகப்பன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். நீரின் மேற்பரப்பில் வாயால் குமிழிகளை ஊதி நுரைக்கூடு கட்டுவது அதுவே. முட்டைகளை வாயில் எடுத்துக் கூட்டில் சேர்த்து, கீழே விழுபவற்றை மீண்டும் பொறுக்கி வைத்து, ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும்வரை காவல் நிற்பதும் அதுவே. தாய் மீன் அருகே வந்தாலும் விரட்டிவிடும். ஆகையால் 'ஆணும் பெண்ணுமாக வைத்தால் சண்டை வராது' என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

இனி, புட்டியின் கதைக்கு வருவோம். கடைகளில் இம்மீன்களைக் கையளவு நீருள்ள புட்டிகளிலும் கோப்பைகளிலும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைக் காண்கிறோம். மற்ற மீன்கள் அவ்வாறு வைத்தால் விரைவில் செத்துவிடும். இது மட்டும் சாகாததற்குக் காரணம் உண்டு. இதன் செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான தகடுகளும் இரத்தக் குழாய்களும் அடங்கிய தனி உறுப்பு ஒன்று இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கி, அவ்வுறுப்பின் வழியே மூச்சு விடுகிறது. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படை அதிகாரி எழுதியது 1797-இல் இலண்டனில் அச்சாயிற்று. பனை ஏறியதைப் பிற்கால அறிஞர் பலர் ஐயுற்றனர். ஈரத் தரையில் ஊர்ந்து குளம்விட்டுக் குளம் போவதை நம் கிராமத்தார் நேரிலேயே அறிவர்.

காற்றை மூச்சாகக் கொள்ளும் இந்த வரமே சயாம் மீனுக்குச் சாபமாக முடிந்தது. புட்டியிலும் சாகாது என்பதால், புட்டியே அதற்குப் போதும் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். சாகாமல் கிடப்பதை வாழ்வென்று எண்ணிவிட்டோம். புட்டி நீரில் அதன் கழிவு சேர்ந்து அம்மோனியாவாகிச் செவுளையும் துடுப்பையும் அரிக்கிறது. காற்றை விழுங்கும் உறுப்பு அந்த நஞ்சிலிருந்து அதைக் காப்பதில்லை. எனவே, அம்மா, தங்கள் வீட்டில் இன்று இரக்கத்திற்குரியது புட்டியிலுள்ள மீனே. தடுப்பைச் சிறையென்று அஞ்சவேண்டாம். இளையவனின் மீனுக்கு அது விடுதலை.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில், மேலே இரண்டங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 45 லிட்டர் நீர் கொள்ளும். இரண்டாகப் பிரித்தால் பங்குக்கு 22 லிட்டர், தாராளமாகப் போதும். ஓரடித் தொட்டியாக இருந்தால் தடுக்கச் சொல்லமாட்டேன். மூன்று மீன், நான்கு மீன் என்று அறைகளைப் பெருக்கும் ஆசையும் வேண்டாம்.

தடுப்புக்கு அக்ரிலிக் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ ஏற்றது. இரும்பு வலை துருப்பிடித்து நீரைக் கெடுக்கும். தகட்டில் சுமார் மூன்று மில்லிமீட்டர் அளவில் துளைகளிட்டு, துளைகளின் ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடவேண்டும். பட்டுத்துணி போன்ற அத்துடுப்பைச் சிறு பிசிரும் கிழிக்கும். தொட்டியின் முன்சுவரிலும் பின்சுவரிலும் இரண்டிரண்டு கண்ணாடிப் பட்டிகளைச் சிறு இடைவெளி விட்டுச் சிலிக்கன் பசையால் ஒட்டினால் பள்ளம் போல் அமையும். தகட்டை அதில் இறக்கி எடுக்கலாம். கண்ணாடிக் கடையில் பசை வாங்கும்போது பூஞ்சைக்கொல்லி மருந்து கலவாததாகக் கேட்டு வாங்குக. ஒட்டியபின் இரண்டு நாளேனும் உலரவிட்டு, காடி நெடி முழுதும் போனபின் கழுவி நீர் விடுக.

தகட்டின் அடியில் சந்து இருத்தலாகாது. உயரமும் மூடியைத் தொடுமளவு இருக்கட்டும். இம்மீன் துள்ளிக் குதிக்கும். இரவில் ஒன்று மறுபக்கம் குதித்துவிட்டால், காலையில் பிள்ளைகள் காணும் காட்சி நல்லதாக இராது. மூடிக்கும் நீருக்கும் இடையே காற்று நிற்க ஓரிரு அங்குலம் விடவேண்டும். மேலே வந்து மூச்சு வாங்குவதற்கு அந்த இடமே அதன் உயிர்.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. தெளிந்த கண்ணாடியைத் தடுப்பாக வைத்தால் சண்டை நிற்பதில்லை, முடிவில்லாமல் நீள்கிறது. ஒன்றையொன்று கண்டவுடன் செவுள்மூடியை விரித்து, துடுப்பைச் சிலிர்த்து, நாள் முழுதும் கண்ணாடியில் மோதி, தின்னாமல் இளைத்துப்போகும். பார்க்க அழகாயிருக்கிறதென்று விருந்தினருக்குக் காட்டுவோரும் உளர். எனவே தடுப்பு ஒளிபுகாததாக இருக்கட்டும். இருபுறமும் வேலம்பாசி சிறிது நட்டால், துளை வழியே தெரிவதும் மறையும்.

பொழுதுபோக்குக்காக விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். மனிதன் நீங்கலான எவ்வுயிரும் அச்சட்டத்தில் விலங்கே; மீனும் அதில் அடங்கும். சேவற்கட்டைப் பழிப்பவர்கள் புட்டிக்குள் நடப்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

நீரைப் பற்றி: குழாய் நீரை ஒருநாள் திறந்த வாளியில் வைத்துக் குளோரின் போனபின் விடுக. அதற்கு மேல் நாட்கணக்கில் வாளியைத் திறந்து வைத்தால் கொசு முட்டையிடும். டெங்கு வரும் காலம். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். வடிகட்டிக்குக் காற்று மெதுவாக வரும் பஞ்சு வகையே நல்லது. வேகமான நீரோட்டத்தை நீண்ட துடுப்புள்ள மீன் தாங்காது. 24 முதல் 28 டிகிரி வெப்பம் இதற்கு இதமானது. நம் பக்கத்தில் பெரும்பாலும் வெந்நீர்க்கருவி தேவைப்படாது. கோடையில் தொட்டியைச் சன்னலோர வெயிலிலிருந்து தள்ளி வைப்பதே நம் கவலையாயிருக்கும்.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. துளையுள்ள தடுப்பில் நீர் ஒன்றே. ஒரு மீனுக்கு நோய் கண்டால் மற்றதற்கும் பரவும். மருந்திட்டால் இருவருக்கும் மருந்துதான். ஆகவே அந்த ஊறுகாய்ப் புட்டியை எறிந்துவிட்டு, பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்றை நோயாளிக்கென ஒதுக்கி வைக்கவும்.

பாவமா என்று கேட்டீர்கள். தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் எண்ணில் போதிக்கிறது. மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடலாகாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. ஒரு தகடு, சிறிது பசை, இரண்டு நாள் உழைப்பு. இதில் ஆடம்பரம் ஏதுமில்லை.

இனி எஞ்சியிருப்பது பிள்ளைகளின் வழக்கு. தொடக்கநூல் 13-ஆம் அதிகாரத்தை அன்றிரவு செபத்திற்குப் பின் இருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். மேய்ப்பர்களுக்குள் தகராறு வந்தபோது, பெரியவரான ஆபிராம் எந்தப் பக்கம் வேண்டுமென்று லோத்தையே முதலில் தேர்ந்துகொள்ளச் சொன்னார். உங்கள் வீட்டிலும் தகட்டை அறுத்துத் துளையிடுவது மூத்தவன் வேலையாகட்டும், பக்கத்தைத் தேர்வது இளையவன் உரிமையாகட்டும். சன்னலருகே உள்ள பாதியைத்தான் அவன் கேட்பான். அதில் வெயில் அதிகமென்று அண்ணன் எடுத்துச் சொல்ல, அவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மீன்களை விட்டபின் முதல் மூன்று நாள் அடிக்கடி போய்ப் பாருங்கள். உணவை இரண்டு நாளாகத் தொடாமல் தடுப்பையே சுற்றிக்கொண்டிருக்கும் மீன் இருந்தால், பாசியை இன்னும் அடர்த்தியாக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றுவதே வழி.