காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்ட்டும் கரகரன்னு கத்துற டப்பாவும்

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கறேன். மூணாவது வருஷம் எங்க டீம் சப்மிட் பண்ணின மினி ப்ராஜெக்ட்டை நாங்க செய்யவே இல்ல. காந்திபுரம் பக்கம் ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல நாலு பேரும் காசு போட்டு வாங்கினது. போர்டு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே கவர்ல வந்துச்சு. வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த ரெசிஸ்டரை எடுத்துட்டா என்ன ஆகும்?" நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். மார்க் என்னவோ நல்லாவே வந்தது.

அந்த மாதிரி கேள்விக்கு இப்போ ஒரே ஒரு சர்க்யூட்டில் என்னால் பதில் சொல்ல முடியும். அது எந்த சிலபஸ்லயும் இல்ல. கிட்டாருக்காக நானே செஞ்ச ஃபஸ் பெடல்.

ஃபஸ் பெடல்னா, கிட்டார் சத்தத்தை வேணும்னே கெடுக்கற டப்பா. கிட்டாரிலிருந்து வர்ற சின்ன சிக்னலை டிரான்சிஸ்டர் தாங்கற அளவுக்கு மேல பெருக்கினா, அலையோட தலையும் காலும் வெட்டுப்படும். சைன் வேவ் கிட்டத்தட்ட ஸ்கொயர் வேவ் ஆகும். புதுசா ஹார்மோனிக்ஸ் சேர்ந்து, தேனீக் கூட்டம் மாதிரி ஒரு கரகரப்பு வரும். நம்ம லேபில் ஆம்ப்ளிஃபயர் எக்ஸ்பெரிமென்ட்ல இதே கிளிப்பிங் சிஆர்ஓவில் வந்தா என்ன செய்வோம்? அவசர அவசரமா இன்புட்டைக் குறைப்போம். பக்கத்து பேட்ச் ரீடிங்கை வாங்கி எழுதிடுவோம்.

ஆனா இந்தச் சத்தம் பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான். 1961ல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டை அமெரிக்காவின் நாஷ்வில்லில் ரெக்கார்ட் பண்ணினப்போ, மிக்ஸிங் கன்சோல்ல ஒரு பகுதி கெட்டுப்போய் பேஸ் கிட்டார் சத்தம் கிழிஞ்சு வந்துச்சு. அதை அழிக்காம அப்படியே விட்டாங்க. இன்ஜினியர் கிளென் ஸ்நாடி, அந்தப் பழுதை வேணும்போது வரவைக்க ஒரு சர்க்யூட் செஞ்சார். 1962ல் கிப்சன் கம்பெனி அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்'னு விற்க ஆரம்பிச்சது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாடிஸ்ஃபேக்ஷன்' பாட்டுல அதை வாசிச்ச பிறகு உலகமே திரும்பிப் பார்த்துச்சு.

நான் செஞ்சது 1966ல் லண்டனில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' சர்க்யூட். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலால மிதிச்ச பெடல். ரெண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெபாசிட்டர், ரெண்டு பாட். மொத்தமே 11 பாகம்.

அதுக்கு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வேணும். புதுசா எங்கயும் கிடைக்கல. கடைசியில் கிடைச்ச இடம், எங்க ஊர் கோபியில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் கடை. பெங்களூரு பெல் நிறுவனம் 1962லயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்ய ஆரம்பிச்சிருக்கு. வெளிநாட்டு கிட்டார்காரங்க தேடி அலையற ஏசி128, அந்த அண்ணன் கடை டிராயரில் தூசியோட கிடந்தது. நாலு எடுத்துக் கொடுத்துட்டு, "சூடு பட்டா போயிரும் கண்ணு, கால்ல குறடு புடிச்சுட்டு பத்த வைய்யி"ன்னார். ஹீட் சிங்க்குன்னு நான் இங்கிலீஷ்ல படிச்ச பாடம் அந்த ஒரு வரியில் முடிஞ்சுது.

முதல் தடவை சத்தமே வரல. மூணு சாயங்காலம் போச்சு. ஏசி128 பிஎன்பி வகை. இந்த சர்க்யூட்டில் பேட்டரியோட பாசிட்டிவ்தான் கிரவுண்டுக்குப் போகணும். நான் பழக்க தோஷத்துல மாத்திக் கொடுத்திருந்தேன். அதைச் சரிபண்ணினா, சத்தம் பாதியில் மூச்சு முட்டி நின்னுச்சு. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தேன். 9 வோல்ட் பேட்டரிக்கு, ரெண்டாவது டிரான்சிஸ்டர் கலெக்டரில் சுமார் 4.5 வோல்ட் இருக்கணும். எனக்கு 2கூட வரல. 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழட்டிட்டு ஒரு பிரீசெட் வெச்சு மெல்லத் திருகினேன். திடீர்னு ரூம் முழுக்க கத்துச்சு. பக்கத்து ரூம் பையன் வந்து கதவைத் தட்டினான்.

ஏப்ரல்ல இன்னொரு பிரச்சனை. ராத்திரி நல்லா இருந்த பெடல் மத்தியானம் சொதப்புது. சாயங்காலம் காத்து வந்ததும் சரியாகுது. காரணம் லீக்கேஜ் கரண்ட்: 10 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். இதை ரெண்டு மார்க் கேள்வியா நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். அன்னிக்குத்தான் காதால கேட்டேன்.

இப்போ அந்த எக்ஸ்டர்னல் வந்து, பின்னூட்டத்தில் இருக்கற 100 கிலோ ஓமை எடுத்தா என்ன ஆகும்னு கேட்டா சொல்லுவேன். முதல் டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட ஆஃப் ஆகும், ரெண்டாவது முழுசா ஆன் ஆகும், சத்தம் செத்துப்போகும். எடுத்துப் பார்த்திருக்கேன் சார்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு ஹோட்டலில் வேலை செஞ்சு காசு சேர்த்து ஒரு பைக் வாங்கினார். வாங்கி முதல்ல செஞ்சது அதை அக்கு அக்கா பிரிச்சது. பிறகு 1945ல் இங்கே வந்த ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரிக்கு அவரே முதல்வர். இன்னிக்கு நாம ஜிசிடின்னு சொல்றது அந்தக் கல்லூரியைத்தான். நாலு வருஷப் படிப்பு நேர விரயம், ரெண்டு வருஷம் போதும்னு வாதாடி, அரசாங்கம் கேட்காததால் பதவியை விட்டார். ரெண்டு வருஷம் போதுமான்னு எனக்குத் தெரியாது. நாலு வருஷம் இருந்தும் நாம எதையும் பிரிச்சுப் பார்க்கலைங்கறது மட்டும் தெரியும்.

"பிளேஸ்மென்ட்டுக்குப் படிக்கவே நேரமில்ல, இதுல டப்பா செய்யணுமா?"ன்னு என் டீம்மேட்டே கேட்டான். நியாயமான கேள்வி. அவன் வீட்டுல கடன் இருக்கு. அவனுக்கு வேலை முக்கியம். டைட்டிலில் ஏஐ, ஐஓடி இல்லாட்டி கைடு ஒத்துக்க மாட்டாருங்கறதும் உண்மை. ப்ராஜெக்ட் சென்டருக்குப் போறவங்க சோம்பேறின்னு நான் சொல்ல வரல. ஓடாத போர்டுக்கு மார்க் இல்லைன்னா, ஓடற போர்டை எங்கயாவது வாங்கத்தான் செய்வாங்க. மார்க் போடற முறையே நம்மளைக் கடைக்கு அனுப்புது.

அதனால நான் கேட்கறது சின்ன விஷயம். ரெண்டாவது வருஷ சர்க்யூட் லேபில் ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை மாணவர் இஷ்டத்துக்கு விடுங்க. பெடலோ, எலி விரட்டியோ, தோட்டத்து மோட்டாருக்கு அலாரமோ, எதுவா இருந்தாலும் சரி. ரெக்கார்டு நோட்டில் 'என்ன தப்பாச்சு, எப்படிக் கண்டுபிடிச்சேன்'னு ரெண்டு பக்கம். மார்க் அந்த ரெண்டு பக்கத்துக்கு. அதைக் கடையில் விலைக்கு வாங்கினாலும், ரெண்டே கேள்வியில் மாட்டிப்போம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை இந்தத் தடவை நாங்களே செய்யறோம். ஓடுமான்னு இன்னும் தெரியல. என் பெடல் இப்போ அப்பாவோட பழைய அலுமினிய டிபன் பாக்ஸுக்குள்ள இருக்கு. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஓட்டை போட்டுக் கொடுத்தாங்க. மிச்சம் ரெண்டு ஏசி128 இருக்கு. சால்டரிங் அயர்னை கையில தொட்டதே இல்லாத ஜூனியர் யாராவது இருந்தா வாங்க, தர்றேன். குறடு மட்டும் நீங்க கொண்டு வாங்க.