கரிக்கோச்சிக்கு எந்தக் குரல்?

கரிக்கோச்சி எப்பிடிச் சத்தம் போட்டது எண்டு எழுபது தாண்டின ஆரிட்டயாவது ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. சொல்ல மாட்டினம், வாயால செய்து காட்டுவினம். எங்கட வயசுக்காரரும் செய்து காட்டுவம்தான், ஆனா அது சினிமா சொல்லித்தந்த சத்தம். வவுனியா ஆக்களை விட்டால், வன்னியில் வளர்ந்த எங்களுக்கு டீசல் கோச்சியின் சத்தமே பிந்தித்தான் வந்தது. 1990 இல் நின்றுபோன வடக்குப் பாதை 2011 இல் ஓமந்தைக்கும், 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள் போய்விட்டன.

இதைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு விளையாட்டுச் சாமான். மேசையில் ஓடுகிற மாதிரி நீராவி எஞ்சின்களுக்குள் இப்போது ஒலி டிகோடர் வைக்கிறார்கள். நகத்தளவை விடக் கொஞ்சம் பெரிய ஒரு மின்சுற்று. மோட்டரின் வேகத்தையும் அதுதான் கட்டுப்படுத்தும், உண்மையான எஞ்சினில் பதிவு செய்த ஒலியையும் அதுதான் போடும். ஜேர்மனியின் ஈஎஸ்யூ, ஒஸ்திரியாவின் சிமோ, அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் எல்லாம் இந்த வேலையில் பேர்போன கம்பனிகள். நிலக்கரியும் தண்ணியும் சுமக்கிற டெண்டருக்குள், அது இல்லாவிட்டால் பொய்லருக்குள், ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். எஞ்சின் நகர்ந்தால் 'சஃப்' எண்டு மூச்சு விடும். பொத்தானை அமத்தினால் கூவும்.

சரி, ஒருத்தர் இலங்கை நீராவி எஞ்சினை மாதிரியாகச் செய்து அதுக்குள் ஒலி வைக்கப்போகிறார் எண்டு வைப்பம். எந்தக் குரலை வைப்பார்? கம்பனி தருகிற கோப்புகளில் பிரித்தானிய எஞ்சின், ஜேர்மன் எஞ்சின், அமெரிக்க எஞ்சின் எண்டு வரிசையாக இருக்கும். ஏதோ ஒண்டைப் போட்டால் காணும் எண்டு பலரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. இதே ஆக்கள் மில்லிமீற்றருக்குச் சண்டை பிடிப்பவர்கள். எங்கட அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 மில்லிமீற்றர் வரவேணும். கடையில் விக்கிற அந்த அளவு மாதிரிகளோ 16.5 இல் ஓடுகின்றன. அந்த ஐந்தரை மில்லிமீற்றருக்காக அச்சையே வெட்டி மாத்துகிறவர்கள் உண்டு. பெயின்ற் நிறம் பிழைச்சால் நித்திரை வராது. குரல் மட்டும் ஆற்றையாவது இருக்கலாமாம்.

நியாயமாகப் பார்த்தால் குரலில் ஒரு பாதி கடன் வாங்கக்கூடியதுதான். சஃப் சத்தம் அடிப்படையில் ஒரு கணக்கு. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் நீராவி பிஸ்டனை இரண்டு பக்கத்தாலும் மாறிமாறித் தள்ளும், ஒவ்வொரு தள்ளுக்கும் பிறகு வேலை முடிந்த நீராவி புகைபோக்கியால் வெடித்து வெளியேறும். ஆகவே இழுக்கும் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற நாலு சஃப். இலங்கையின் பி1 வகை எஞ்சினும் இங்கிலாந்தில் ஓடிய அதே மாதிரி இரண்டு சிலிண்டர் எஞ்சினும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். டிகோடர் மோட்டரின் வேகத்தை வைத்து இதை ஊகிக்கும், அல்லது அச்சில் பொருத்திய ஒரு உணரி ஒவ்வொரு கால் சுற்றுக்கும் சமிக்ஞை குடுக்கும்.

ஆனால் அந்தச் சஃப்பை எப்பிடி விடுகிறது எண்டது இடத்தைப் பொறுத்தது. மாதிரி ரயில் வீடியோக்களில் எஞ்சின் எப்பவும் மலை ஏறுகிற மாதிரி முக்கி முனகும். கடுகண்ணாவைக்கு அது பொருந்தும். வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும் எங்க மலை? தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி எண்டு காட்டையும் வயலையும் பிளந்துகொண்டு கிட்டத்தட்ட நேராகவும் தட்டையாகவும் போகிற பாதை இது. ஸ்ரேசனை விட்டு வெளிக்கிடும்போது மட்டும் பாரமான, இடைவெளி விட்ட மூச்சு. பிறகு எண்ண முடியாதளவு வேகமாகி ஒன்றோடொன்று கலந்த ஒரே இரைச்சல். ரெகுலேற்றரை மூடி ஓடவிட்டால் சஃப்பே கேளாது, இணைப்புத் தண்டுகளின் கலகலப்பு மட்டும்தான். வன்னிக் கோச்சிக்கு ஒலி வைக்கிறவர் முதலில் அந்த முனகலைக் குறைக்கவேணும்.

மற்றப் பாதி விசில். அதைக் கணக்குப் போட்டு எடுக்க ஏலாது. அமெரிக்க எஞ்சின்களில் பல சுருதி ஒன்றாக ஒலிக்கும் விசில்தான் பெருவழக்கு. பிரித்தானிய எஞ்சின்களில் பெரும்பாலும் ஒற்றைச் சுருதி, கூர்மையாக மேலே போகும். எங்கட எஞ்சின்கள் பெரும்பாலும் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. அமெரிக்க விசிலைப் பூட்டினால் பார்க்கிற பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, மாங்குளத்தில் கேட்டு வளர்ந்த கிழவிக்கு உடனே தெரியும். அந்தக் கிழவிதான் எங்களுக்கு முக்கியம்.

இங்கிலாந்தில் பீற்றர் ஹான்ட்ஃபோர்ட் எண்ட ஒலிப்பதிவாளர் 1950களிலேயே ரயில் பாதையோரம் கருவியோடு போய் நிண்டவர். நீராவி மறையப்போகுது எண்டு தெரிந்து, எஞ்சின் எஞ்சினாகப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். பிறகு 'அவுட் ஒஃப் ஆஃப்ரிக்கா' படத்தின் ஒலிக்காக ஒஸ்கார் எடுத்ததும் இவரும் சேர்ந்துதான். ஆசியாவையே கேட்கவைத்த ரேடியோ சிலோன் இருந்த தீவு இது. அப்பிடியிருந்தும், வன்னிக்குள் ஓடின கரிக்கோச்சியின் குரல் எண்டு ஒரு நிமிசப் பதிவு எங்கட கைக்கு வந்ததில்லை.

வீட்டுக்காரர் இன்னும் காணாமற்போன ஆக்களைத் தேடித் திரியேக்க உங்களுக்குப் பொம்மை ரயிலின்ரை விசிலோ எண்டு ஒருத்தர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். அதோடு, ரயிலும் பச்சைக் குழந்தை இல்லை. அது ஆமியையும் ஏற்றிக்கொண்டு வந்தது. 1985 ஜனவரி 19 இல் முறிகண்டிக்குப் பக்கத்தில் யாழ்தேவிக்குக் குண்டு வைக்கப்பட்டது. இரவில் கோச்சி கூவினால் ஊர் நினைவு வருகிறவரும் இருக்கிறார், நெஞ்சு திக்கெண்டிறவரும் இருக்கிறார். திரும்பி வந்த கோச்சி, காவலாளி இல்லாத கடவைகளில் உயிர்களையும் எடுத்திருக்கிறது. இந்த ஒலியைச் சேர்க்கச் சொல்லுவது அது இனிமை எண்டதுக்காக இல்லை. ஒரு ஊரில் எந்தச் சத்தம் எப்போது வந்தது, எப்போது நிண்டது எண்டதும் சாட்சியம். எங்களுக்குச் சொல்லப்படும் போர்க்கதையில் வெடிச்சத்தம் நிறைய இருக்கு. 1990க்குப் பிறகு பாதையோரத்து ஊர்களில் விழுந்த அந்த அமைதியை ஒருத்தரும் பெரிசாகச் சொல்லுவதில்லை.

காசு விசயம் வேறை. நல்ல ஒலி டிகோடர் ஒண்டு நூறு டொலர் அளவில் வரும், எங்களால் முடியாது. ஆனா டிகோடர்தான் வேணும் எண்டில்லை. மாதிரிக்காரர் 'சுகர் கியூப்' எண்டு கொண்டாடுகிற ஸ்பீக்கர் கைபேசியில் இருக்கிற சாதிதான். கிளிநொச்சியில் எந்த ஃபோன் திருத்துகிற கடையிலும் செத்த ஃபோன் குவிஞ்சு கிடக்கும். மெமரி கார்ட் போடுகிற ஒரு மலிவான எம்பி3 மொடியூல், ஒரு ஆர்டுயினோ, சில்லில் ஒட்டுகிற நாலு சின்னக் காந்தம், அதை உணர ஒரு ஹோல் சென்சர். காந்தம் கடக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு சஃப். எஞ்சினுக்குள் அடங்காவிட்டால் பின்னால் வருகிற பெட்டிக்குள் வைக்கலாம்.

ஒண்டை மட்டும் விடக்கூடாது. ஸ்பீக்கரின் பின்பக்கத்தைக் காற்றுப் போகாத சின்னப் பெட்டியால் மூடவேணும். மூடாவிட்டால் முன்னால் போகிற ஒலி அலையைப் பின்னால் போகிற அலை தின்றுவிடும், கரிக்கோச்சி நுளம்பு மாதிரிக் கத்தும். மூடினாலும் அடித்தொண்டைச் சத்தம் அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் வராது. நிலம் அதிருகிறதை மேசைக்குக் கொண்டுவர ஏலாது. ஆனா விசில் மேல்சுருதி, அது வரும்.

அந்த விசிலை எங்கே எடுக்கிறது? சுற்றுலாவுக்கு எண்டு ஓட்டுகிற வைஸ்ரோய் ஸ்பெசலுக்காகச் சில நீராவி எஞ்சின்களை ரயில்வே காப்பாற்றி வைத்தது. அவை ஓடுகிற நாளில் ஆராவது போய்ப் பதியவேணும். கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறந்த ரயில்வே மியூசியத்தில் எஞ்சினைப் பார்க்கலாம், குரலைக் கேட்க ஏலாது. இன்றைக்கு ஓடுகிற டீசலையும் சேர்த்துப் பதியத்தான் வேணும். 1954 இலிருந்து கொழும்புத் திட்டத்தில் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சின்கள், அடுத்த இரண்டு வருசத்தில் தொடங்கிய யாழ்தேவியை இழுத்தவை, சிலது இன்னும் ஓடுகின்றன. அதில் ஒண்டுக்குப் பேர் ஒன்ராறியோ. எங்கட சனம் அங்கை போறதுக்கு முப்பது வருசத்துக்கு முதலே ஒன்ராறியோ இங்கை வந்திட்டுது.

அதுக்கு முதல் வீட்டில் இருக்கிற அம்மம்மா, அப்பப்பா. நீராவி அறுபதுகளிலேயே ஒதுங்கத் தொடங்கிவிட்டது, ஆகவே கேட்டவர்கள் இன்னும் கனகாலம் இருக்கப்போறதில்லை. ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கோ. முதலில் எந்த ஸ்ரேசன், பகலா இரவா, வீட்டிலிருந்து தண்டவாளம் எவ்வளவு தூரம் எண்டு கேட்டு அவையின்ரை வாயாலேயே சொல்ல விடுங்கோ. பிறகு விசிலை மட்டும் தனியா, இரண்டு மூண்டு தரம் செய்யச் சொல்லுங்கோ. நடுவில் சிரிப்பினம், இருமுவினம். வெட்டாதேங்கோ.