கடல் கடப்போரின் செலவை யார் ஏற்பது?

நாகூரார்க்குக் கடல் கடத்தல் புதிதன்று. இவ்வூர்த் தர்காவின் பெயரால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்கள் எழுந்துள்ளன. சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பெற்றது. துணி வணிகர் மட்டுமன்றி, கையுழைப்பன்றி வேறு முதலற்ற உழவுத் தொழிலாளரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலை நம் மூத்த அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று கப்பலின் இடத்தில் விமானம் வந்துள்ளது. மலேயாவோடு வளைகுடா நாடுகளும் சேர்ந்துள்ளன. ஆயினும் பயணச் செலவை யார் ஏற்பது என்னும் பழைய வினா தீர்ந்தபாடில்லை.

1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல முன்அனுமதி பெற வேண்டும் என்றது. முகவர் பெறும் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என வரம்பும் விதிக்கப்பட்டது. நடைமுறையிலோ இடைத்தரகர் பங்கு, மருத்துவச் சோதனை, பயணச் சீட்டு என்று செலவு பன்மடங்காகிறது, ரசீது கிடைப்பதில்லை. இதற்காக நகை அடகுக்குப் போகிறது, இரண்டு மா நிலம் ஒத்திக்குப் போகிறது, தறியும் விலையாகிறது. சென்றவர் முதலில் ஈட்டுவது குடும்பத்திற்கன்று, வட்டிக்கே. பேசிய ஊதியம் தராவிடினும், கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளினும், ஊரில் உள்ள கடனுக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கிறார். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்டிர் நிலையும் இதுவே.

இது மாற்றவொண்ணாத விதியா? அன்று. 1907 இல் மலேயாவில் தமிழர் குடியேற்ற நிதி சட்டத்தின் வழியே ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு வேலை வாங்கிய முதலாளிகள் அதற்கு வரி செலுத்தினர். அதிலிருந்து கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. அவ்வாறு சென்ற தொழிலாளர் பயணக் கடனின்றிக் கரையிறங்கினர். இதனைத் தருமம் என்று நாம் போற்றவில்லை. தோட்டத் துரைமார் தமக்கு ஆள் வேண்டியே இசைந்தனர்; கூலி குறைவு, கங்காணியின் கெடுபிடி மிகுதி. கூலி வெட்டப்பட்டபின், 1938 இல் உதவிப் பயணக் குடியேற்றத்தை இந்திய அரசே தடுத்தது. எனினும் உழைப்பு வேண்டுவோரே பயணச் செலவைத் தாங்கக்கூடும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. அதனால் ரப்பர்த் தொழில் நொடித்துப் போகவில்லை.

அங்ஙனம் சென்றோர் காடு திருத்தி ரப்பர் வளர்த்தனர், இருப்புப்பாதை இட்டனர். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960 இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே, சிறுகச் சிறுகப் பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்கவும் செய்தனர். ஆயினும், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும், நெடுநாள் உழைத்த பல்லாயிரவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஒரு நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவர்க்கும் எழுத்தில் உரிமை இல்லையேல் காப்பில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

1983 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு மசோதாவின் வரைவை 2025 இல் இந்திய அரசு மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. எச்சட்டமாயினும், முகவர் கட்டணமும் பயணச் செலவும் வேலை கொடுப்போரைச் சாரும் என்றும், மீறிப் பெற்ற பணம் தொழிலாளிக்கே திரும்ப வேண்டும் என்றும் அதில் எழுதப்பட வேண்டும். தொழிலாளியிடம் முகவர் கட்டணம் பெறலாகாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது நெறியும் ஆகும்.

அப்படியானால் அயல்நாட்டு முதலாளி வேறு நாட்டாரை நாடுவார் என்பர் சிலர். கூலி உயர்த்திக் கேட்டால் பாவு வேறு தறிக்குப் போய்விடும் என்று நெசவாளரையும் இவ்வாறே அச்சுறுத்தினர். சங்கமாகச் சேர்வதே அதற்கு மருந்தாயிற்று. ஆள் அனுப்பும் நாடுகளும் ஒன்றுகூடி ஒரே நிபந்தனை விதிக்கலாம். நேபாளம் 2015 இல் விசாவும் பயணச் சீட்டும் முதலாளி பொறுப்பு என்று விதித்தது. தனித்து நின்றமையால் அதனை முற்றும் நிறைவேற்றல் அரிதாயிற்று.

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருத்தல் ஆகாது. முகவர் பதிவு பெற்றவர்தாமா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துச் சொல்லுதல் சங்கச் செயலாளர்க்கு அரிய பணியன்று. ரசீதின்றி எவரும் பணம் கொடுக்க வேண்டா. நகைக் கடன் இன்றியமையாததாயின், அடகுக் கடையை நாடாது சங்கத்தை நாடுக. தறியையும் நிலத்தையும் ஈடு வைக்குமுன் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டல் நன்று. நூலுக்கும் விதைநெல்லுக்கும் வட்டிக்காரரிடம் நில்லாதிருக்கவே சங்கம் கண்டோம். பிள்ளைகளின் பயணத்துக்கும் அந்நெறியே வேண்டும் என்பது நமது கருத்து.